இடது குழலில் இருந்த தோட்டா

கேள்வி: நாங்கள் கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறோம். என் மாமனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 61. இப்போது ஒரு வங்கிக் கிளையில் காவலர் வேலை. அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். என் கணவர் குவைத்தில் இருக்கிறார். போன வாரம் ஒரு மாலை, கரண்ட் இல்லாத நேரம். எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் மாமா துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எடுத்து வைப்பதற்கு முன் எப்போதும்போல விசையை அழுத்தினார். முதலில் 'டக்' என்றது. அடுத்து வெடித்துவிட்டது. குண்டுகள் மரப் பீரோவைத் துளைத்துச் சுவரில் பதிந்துவிட்டன. நாலடி தள்ளி என் 9 வயது மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். 4 வயது மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்பதாக மகன் இன்னும் சொல்கிறான். "பழைய துப்பாக்கி, தானா வெடிச்சிடுச்சு" என்கிறார் மாமா. வெளியே தெரிந்தால் லைசென்ஸும் வேலையும் போய்விடும் என்று அத்தை பேசவே விடுவதில்லை. அன்றிலிருந்து மாமாவும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. துப்பாக்கி தானாக வெடிக்குமா? போலீஸில் சொல்ல வேண்டுமா? இனிமேல் வீட்டில் எப்படி வைப்பது? மாமாவிடம் இதை நான் எப்படிப் பேசுவது?

பதில்: அம்மா, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் பையனின் காது. நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. காவலர்கள் வைத்திருக்கும் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் போனாலே ஒரே ஒரு வெடிச் சத்தம் காதின் உள் நரம்பைக் கெடுத்துவிடலாம். நீங்கள் சொல்வது மூடிய அறை, நாலடி தூரம். ஒரு வாரம் ஆகியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ நாளைக் காலையிலேயே கூட்டிப் போய், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். தாமதமாகத் தாமதமாக மருந்தின் பலன் குறையும். நல்லெண்ணெய் காய்ச்சி விடுவது, கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவது எதுவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது இன்னும் கெடுதல். என்ன நடந்தது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பட்டாசு என்று சொல்லிவிடாதீர்கள். மாமாவின் காதையும் அதே நாளில் காட்டிவிடுங்கள். அவர் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்.

சரி, இப்போது துப்பாக்கி. 31 வருடம் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பவனாக இருந்தவன் நான். 'தானா வெடிச்சிடுச்சு' என்ற வார்த்தையை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்ல. அந்த நொடியில் அப்படித்தான் தோன்றும். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள அந்த 'டக்' சத்தம் எனக்கு வேறு கதை சொல்கிறது.

குழலை மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியில், வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) தெரியாத வகை என்றால், திறந்தவுடனேயே உள்ளே இருக்கும் இரண்டு குதிரைகளும் ஏறி நின்றுகொள்ளும். மூடினாலும் இறங்காது. இரவெல்லாம் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருந்தால் தளர்ந்துவிடும் என்று பலரும் வைப்பதற்கு முன் இரண்டு விசைகளையும் அழுத்தி இறக்கிவிடுவார்கள். உங்கள் மாமா செய்ததும் அதுதான். பொதுவாக முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. முன் விசையை அழுத்தினார், 'டக்'. வலது குழல் காலி. பின் விசையை அழுத்தினார். இடது குழலில் தோட்டா இருந்தது.

அது எப்படி அங்கே இருந்தது? நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் என் அனுபவத்தில் இப்படித்தான் நடக்கும். டியூட்டி முடிந்து வங்கியிலேயே துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்திருப்பார். சாதாரண வகைத் துப்பாக்கியில் தோட்டா வெளியே தெறிக்காது. கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும், விரலால் பிடித்து இழுக்க வேண்டும். வங்கிக் காவலர்கள் சுடுவதே இல்லை என்பதால் அதே இரண்டு தோட்டாக்களை வருடக்கணக்கில் போட்டுப் போட்டு எடுப்பார்கள். நம்ம ஊர் கடற்காற்றில் பித்தளை அடி பச்சை பூக்கும். காகித ஓடு உள்ள பழைய தோட்டா என்றால் ஈரத்தில் உப்பிக் குழலைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று கையோடு வந்திருக்கும், இன்னொன்று வராமல் நின்றிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம், மங்கிய வெளிச்சம், 61 வயதுக் கண். இரண்டையும் எடுத்துவிட்டதாக மனசு சொல்லிவிடும். இருபது வருடமாக ஒரு நாளும் தவறாத கைக்கு அது இன்னும் சுலபமாகச் சொல்லும்.

அன்றைக்கு வீட்டில் துடைத்தபோது அவர் துப்பாக்கியைத் திறக்கவில்லை, வெளிப்புறத்தை மட்டும் துடைத்திருக்கிறார். திறந்திருந்தால் எமர்ஜென்சி லைட்டிலும் அந்தப் பித்தளை வட்டம் பளிச்சென்று கண்ணில் பட்டிருக்கும். எனக்கு வருத்தம் இதில்தான். ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும்.

இந்தத் துப்பாக்கிகளில் பலவற்றில், திறந்து மூடியதும் சேஃப்டி (விசை தவறி அழுந்தாமல் தடுக்கும் பூட்டு) தானாகப் பின்னால் வந்து பூட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் இருப்பது அந்த வகை என்றால், விசையை அழுத்த வேண்டுமானால் கட்டை விரலால் அதை முன்னால் தள்ளியிருக்க வேண்டும். சேஃப்டியைத் தள்ளியது ஒன்று, விசையை அழுத்தியது இரண்டு. இரண்டையும் கை செய்திருக்கிறது. துப்பாக்கி தானாக எதுவும் செய்யவில்லை.

அதற்காக எந்தத் துப்பாக்கியும் தானாக வெடிக்காது என்று நான் சொல்லவில்லை. குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்துபோன துப்பாக்கி, கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்கும். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் சேஃப்டி விசையைத்தான் பூட்டும், குதிரையைப் பூட்டாது. அதனால் சேஃப்டி போட்டிருக்கிறேன் என்ற தைரியம் அரைத் தைரியம்தான். இந்தி நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1 அதிகாலையில் தன் லைசென்ஸ் ரிவால்வர் கைதவறி விழுந்து வெடித்துக் காலில் குண்டு பாய்ந்து மருத்துவமனையில் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுவும் வீட்டுக்குள் நடந்ததுதான். விழுந்து வெடித்தாலும் கைபட்டு வெடித்தாலும் உள்ளே தோட்டா இருந்தால்தான் வெடிக்கும். வீட்டு வாசலைத் தாண்டி வரும் துப்பாக்கியில் தோட்டா இருக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். உங்கள் வீட்டுத் துப்பாக்கியை இனி ஒரு முறை தொடுவதற்கு முன், உரிமம் உள்ள ஆயுதக் கடையிலோ ஆர்மரரிடமோ காட்டி உள்பாகங்களைச் சோதிக்க வேண்டும். மாமா சொல்வதுபோல அது பழசுதான் என்றால் அந்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் மகன் தப்பியது எவ்வளவு சின்ன இடைவெளியில் என்று உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அத்தையும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காவல் வேலைக்குப் பெரும்பாலும் எல்.ஜி. தோட்டாதான் போடுவார்கள். கொண்டைக்கடலை அளவு ஈயக் குண்டுகள் சில ஒன்றாகப் புறப்படும். அறைக்குள் அவை சிதறக்கூட நேரம் இருக்காது. ஒரே கட்டியாகத்தான் போகும். மரக்கதவு, கீற்றுத் தட்டி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எதுவும் அதைத் தடுக்காது. உங்கள் வீட்டுச் சுவர் தடுத்தது. துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். காலியாக இருந்தாலும், திறந்து இருந்தாலும், பிரித்து இருந்தாலும் ஆள் இருக்கும் பக்கம் வாய் திரும்பக் கூடாது. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம், துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பறந்துவந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அது பயிற்சி பெற்ற படை, முறையான தளம். அங்கேயே அப்படி என்றால், பத்துக்குப் பத்து அறையில் எந்தப் பக்கம் பாதுகாப்பான பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கையிலும் ஒரு முறை வெடித்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். காவல் பணி முடிந்து .303 ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். மேகசினை எடுக்காமலேயே போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். அடியில் இருந்த குண்டு மேலே ஏறிவிட்டது. காலி என்று நினைத்து விசையை அழுத்தினேன். எங்கள் வளாகத்தில் மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் வாயை வைத்துத்தான் காலி செய்ய வேண்டும் என்று விதி. குண்டு மணலுக்குள் போய்விட்டது. அந்தப் பீப்பாயைத் தினமும் பார்த்தும், அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மாமா ஏன் யாரிடமும் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும் அம்மா. அவர் மனசுக்குள் அந்த வெடி இன்னும் ஓயவில்லை. பேரன் நாலடியில் இருந்தான் என்பது உங்களைவிட அவருக்கு அதிகமாகத் தெரியும்.

போலீஸ் விஷயம். இனிப்பாகச் சொல்ல முடியாது, உள்ளதைச் சொல்கிறேன். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 125ஆவது பிரிவில் குற்றம். காயம் இல்லை என்றால் 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாகக் கருதினால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. 17ஆவது பிரிவில் லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரிக்கு உரிமை உண்டு. அத்தையின் பயம் பொய்யான பயம் அல்ல.

ஆனாலும் மறைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். புதுப்பாளையம் மாதிரி நெருக்கமான இடத்தில் 12 போர் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். இவர் போய்ச் சொல்வதற்கு முன் வேறு யாராவது போய்ச் சொன்னால், அஜாக்கிரதை என்பது மறைப்பு என்று மாறிவிடும். தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, ஒன்று குறைந்தது எப்படி என்று என்றைக்காவது கேட்பார்கள். இரண்டு நாளில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, மாமாவே ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுப்பது நல்லது. சுட்ட வெற்று ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம். பீரோ ஓட்டையையும் சுவரையும் இப்போதைக்குப் பூச வேண்டாம். வங்கிக்கும் அவரே சொல்லட்டும். யாருக்கும் காயமில்லாத நிலையில், தானாக வந்து சொன்ன முன்னாள் படைவீரரை அதிகாரிகள் எப்படி நடத்துவார்கள் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் இதே சம்பவம் உயிர்ச்சேதத்தில் முடிந்திருந்தால் அதே நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, 5 வருடம் வரை சிறை. அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கமே நின்றதை நினைத்துப் பயத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போதே துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிடலாமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். தேர்தல் வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோமே, அதே மாதிரிதான். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் மனநிலையில் அது சில வாரம் வெளியே இருப்பது எல்லாருக்கும் நல்லது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அவசரத்தில்கூட நீங்கள் அதை எடுத்துக்கொண்டு எங்கும் போகக் கூடாது. லைசென்ஸ் அவர் பெயரில். உங்கள் கையில் இருந்தால் அதுவே வேறு குற்றமாகிவிடலாம். எல்லைக்கும் அதே கவனம் வேண்டும். கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் காவல் வேலை பார்ப்பவர்கள் நிறைய. லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டக் கூடாது.

திரும்பி வந்தபின் வைக்கும் முறை. இரட்டைக்குழலில் ஒரு பெரிய வசதி உண்டு. கருவி எதுவும் இல்லாமல் மூன்றாகப் பிரிக்கலாம். குழலுக்கு அடியில் உள்ள கட்டையைக் கழற்றி, நெம்புகோலைத் தள்ளித் திறந்தால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும். குழலை ஓர் இரும்பு அலமாரியில் பூட்டுங்கள், பின்கட்டையை இன்னொன்றில். தோட்டா மூன்றாவது இடத்தில், தனிப் பூட்டில். பிரித்த துப்பாக்கி வெடிக்காது. தினமும் பிரிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, திறக்காமல் பிரிக்கவே முடியாது. உள்ளே தோட்டா இருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். ஸ்பிரிங் தளரும் என்ற கவலைக்கு மருந்து இல்லாத டம்மி தோட்டா இருக்கிறது, அதைப் போட்டு இறக்கலாம். வெறும் விசையை அழுத்தும் பழக்கத்தை அன்றைய மாலையோடு விட்டுவிடட்டும்.

சாவி மாமாவின் அரைஞாணிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். சாமி அறையில், கடிகாரத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவில் என்று வைக்காதீர்கள். 9 வயதுப் பையனுக்குத் தெரியாத மறைவிடம் எந்த வீட்டிலும் இல்லை. சின்னவளுக்கு விரலில் விசை இழுக்கும் பலம் இருக்காது என்று நினைக்கலாம். சின்னப் பிள்ளைகள் இழுக்க மாட்டார்கள், துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி இரண்டு கட்டை விரலாலும் தள்ளுவார்கள். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் விட முடியாது. பிள்ளைகளிடம் ரகசியமாக வைப்பதும் உதவாது. தீபாவளிக்கு வாங்கிய ரோல் கேப் துப்பாக்கி வேறு, தாத்தா துப்பாக்கி வேறு என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். எங்கே பார்த்தாலும், நண்பன் வீட்டில் பார்த்தாலும், தொடாமல் வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வரும். சந்தனம் குங்குமம் வைத்துப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் சைக்கிளுக்கும் பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்தி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பூஜை செய்வது தப்பில்லை, நாங்களும் ஆயுதக் கிடங்கில் செய்வோம். ஆனால் திறந்து, காலி என்று இரண்டு பேர் பார்த்து, வாய் சுவர்ப் பக்கம் இருக்க வைப்போம். வீட்டில் பின்கட்டையை மட்டும் வைத்துப் பொட்டு வையுங்கள், போதும்.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் இருக்கும். தண்ணீர் புகுந்த வீடுகளில் நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்தவர்களும், அடுப்படியில் வைத்தவர்களும் உண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. நனைந்தது, பச்சை பூத்தது, உப்பியது எல்லாவற்றையும் உரிமம் உள்ள கடையிலோ ஸ்டேஷனிலோ கணக்குக் காட்டி ஒப்படைத்துப் புதிது வாங்க வேண்டும். உங்கள் மாமாவிடம் மிச்சம் இருக்கும் தோட்டாக்களும் அந்த வயதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அவரிடம் எப்படிப் பேசுவது. கடிதம் முழுக்க நீங்கள் சுற்றிச் சுற்றி வருவது இங்கேதான். குற்றம் சொல்வதுபோல ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், அத்தை மட்டும் பக்கத்தில் இருக்கும்போது, "மாமா, ஆர்மியில் டியூட்டி முடிந்ததும் எப்படிக் காலி செய்வீர்கள்?" என்று கேளுங்கள். 'காலி கர்' என்று ஓர் ஆணை உண்டு. எத்தனையோ ஆயிரம் முறை செய்திருப்பார். அங்கே ஒருவர் காலி செய்வார், இன்னொருவர் பார்ப்பார். ஐ.ஜி. துப்பாக்கியாக இருந்தாலும் திறந்து காட்டாமல் நான் கையில் வாங்கியதில்லை, எந்த ஐ.ஜி.யும் அதை அவமானமாக நினைத்ததில்லை. வங்கியிலிருந்து கிளம்பும்போது இன்னொரு ஊழியர் முன்னால் திறந்து, இரண்டு குழலையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தொட்டு, "இரண்டும் காலி" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். துப்பாக்கியைத் தொட வேண்டியதில்லை, குழல் வழியே மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். மருமகள் சந்தேகப்படுகிறாள் என்று அவருக்குத் தோன்றக் கூடாது என்றால், பேரன் பெயரைச் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துக் கூட்டிப் போங்கள். புரை இருந்தால் எடுத்த பிறகே மறுபடி துப்பாக்கியைத் தொடட்டும்.

இதையெல்லாம் கேட்டபின் அவரே, "இந்த வேலை போதும், துப்பாக்கியை ஒப்படைத்துவிடலாம்" என்று சொன்னால் தடுக்காதீர்கள். சம்பளம் போகுமே என்று அத்தை யோசிப்பார். ஓய்வூதியம் வருகிறது, உங்கள் கணவரோடு சேர்ந்து அதைப் பேசி முடிவு செய்யலாம்.

நாளைக்கு முதலில் பையனின் காது. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.